வாழ்ந்து கெட்டவரும் நேற்று முளைத்தவரும்: வத்தலக்குண்டு எழுத்தாளர் இருவரின் புனைவுகளில் பரம்பரை மதிப்பு

முன்னுரை

ஒரு சமூகம் செல்வத்தை எவ்வாறு எடைபோடுகிறது என்பதை அதன் பேச்சுவழக்கே காட்டிக்கொடுக்கும். தமிழில் ‘வாழ்ந்து கெட்ட குடும்பம்’ என்னும் தொடரில் இரக்கமும் மரியாதையும் கலந்துள்ளன. ‘நேற்று முளைத்தவன்’ என்னும் தொடரிலோ ஏளனமே மிகுதி. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்னும் பழமொழியும் அவ்வேளனத்தையே கூர்மையாக்குகிறது. வீழ்ந்தவரைப் பொறுத்துக்கொள்ளும் இவ்வழக்கு, உயர்ந்தவரை எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை.

இந்த அளவுகோலை வத்தலக்குண்டு மண்ணோடு தொடர்புடைய இரு புனைவுகள் கேள்விக்கு உட்படுத்துகின்றன. ஒன்று, அவ்வூரில் பிறந்த பி. ஆர். ராஜமையர் (1872–1898) எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’. மற்றொன்று, அவ்வூரில் வளர்ந்த சி. சு. செல்லப்பா (1912–1998) எழுதிய ‘வாடிவாசல்’. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் தோன்றிய இவ்விரண்டும், பரம்பரை மதிப்பு என்பது உடையவரிடம் இருப்பதன்று, பார்ப்பவரிடம் இருப்பது என்னும் உண்மையை உணர்த்துகின்றன. அவற்றை அக்காலச் சொத்துரிமைச் சட்டங்களோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரியும் சொத்தும் பிரியாச் சொத்தும்

திண்டுக்கல் பகுதி 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்பகுதியின் பாளையங்கள் சிலவற்றின் வழிவந்தோர் பின்னர் ஜமீன்தார்களாயினர். அதனால் இச்சமவெளியில் இருவகைப் பரம்பரைச் செல்வம் அருகருகே நிலவியது.

முதலாவது, மிதாட்சர முறைக்கு உட்பட்ட கூட்டுக் குடும்பச் சொத்து. மூதாதையர் சொத்தில் மகன் பிறப்பினாலேயே உரிமை பெற்றான். பங்கு கேட்டுப் பிரியவும் முடிந்தது. எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் நிலம் துண்டாகும் வாய்ப்பு இருந்தது. இரண்டாவது, பிரிக்கவியலாத ஜமீன். அது பெரும்பாலும் மூத்த மகன் ஒருவனையே சேர்ந்தது. 1904ஆம் ஆண்டின் சென்னைப் பிரிக்கவியலா ஜமீன்கள் சட்டம் இம்முறைக்கு அரண் செய்தது. முதல்வகைச் செல்வத்தில் மதிப்பு பலரிடம் சிதறியது; இரண்டாம் வகையில் ஒரே மனிதரிடம் குவிந்தது.

இவ்விரண்டுக்கும் வெளியே, ஆங்கிலக் கல்வியால் உயர்ந்த மூன்றாம் பிரிவினரும் தோன்றினர். வழக்கறிஞர், மருத்துவர், அரசு ஊழியர் ஆகியோரின் ஊதியம் யாருக்கு உரியது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் சிக்கலாயிற்று. குடும்பச் செலவில் தொழிற்கல்வி பெற்றவன் ஈட்டிய பொருளில் பங்காளிகளும் உரிமை கோர இயன்றது. அதனை ஈட்டியவனுக்கே உரியதாக்க விரும்பி, வி. பாஷ்யம் ஐயங்கார் 1890களில் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஆளுநரின் இசைவு கிட்டாமையால் அது சட்டமாகவில்லை. 1930ஆம் ஆண்டில்தான் இந்தியா முழுமைக்குமான கல்வி ஈட்டச் சட்டம் நிறைவேறியது. தன் முயற்சியால் உயர்ந்தவன் குடும்பத்துக்குத் துரோகம் செய்தவன் என்னும் எண்ணம், சட்டத்தின் துணையையும் நெடுங்காலம் பெற்றிருந்தது.

கமலாம்பாள் சரித்திரம்: அபவாதத்தின் அதிகாரம்

அம்மசோதா விவாதிக்கப்பட்ட அதே பத்தாண்டில், 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் ராஜமையரின் புதினம் தொடராக வெளிவந்தது, 1896இல் நூலாயிற்று. ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது அதன் மற்றொரு பெயர். கதையின் மையம் செல்வமன்று, ஊர்ப்பேச்சு என்பதைத் தலைப்பே அறிவித்துவிடுகிறது.

சிறுகுளம் முத்துஸ்வாமி ஐயர் செல்வமும் செல்வாக்கும் உடையவர். அவருடைய வீழ்ச்சி வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. தம்பி மனைவி பொன்னம்மாளின் பொறாமை குடும்பத்தைக் குலைக்கிறது. ஊர்ப் பெண்கள் கூடும் ‘வம்பர் மகாசபை’ அப்பொறாமைக்குத் தீனி போடுகிறது. கற்றோர் அரசியல் மகாசபைகள் கூட்டிய காலத்தில், வம்பளப்போர் கூட்டத்துக்கும் அப்பெயரையே சூட்டியது நகைச்சுவை மட்டுமன்று. ஒருவர் பெரிய மனிதரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் மன்றம் ஊரில் உண்மையாகவே இயங்கியது என்பதை அப்பெயர் உரைக்கிறது. பணம் போகிறது, மனைவியின் ஒழுக்கத்தின்மீதும் பழி விழுகிறது. முத்துஸ்வாமி ஐயர் துறவு நாடி, குருவை அடைந்து, தெளிவு பெற்று, கமலாம்பாளோடு மீண்டும் சேர்கிறார்.

இத்தீர்வில் ஆசிரியரின் வாழ்க்கைப் போக்கும் தெரிகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்று, பின்னர் சட்டமும் படித்த ராஜமையர் வழக்கறிஞராகவில்லை. 1896இல் தொடங்கிய ‘பிரபுத்த பாரதா’ இதழின் முதல் ஆசிரியராகி, 26ஆம் வயதில் மறைந்தார். உயர்வதற்கான ஏணி எதிரே இருந்தும் அதில் ஏறாதவரின் பார்வை அவருடையது. எனினும் அப்பார்வைக்கு எல்லையும் உண்டு. செல்வத்தைத் துறப்பது அதனை ஒருமுறையேனும் உடையவருக்கே இயல்வது. ஊர்ப்பேச்சின் கொடுமையைப் பெரிதும் பெண்கள்மீது சுமத்திய புதினம், அக்குடும்பங்களின் வயல்களில் உழைத்தவர்களை விரிவாகப் பேசவில்லை.

வாடிவாசல்: இரு பரம்பரைகளின் மோதல்

ராஜமையர் பேசாது விட்ட அவ்வுலகின் மனிதர்கள் செல்லப்பாவின் குறும்புதினத்தில் முன்வரிசைக்கு வருகின்றனர். 1948ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாண ஜமீன்களை ஒழித்த பின்னர், 1959இல் ‘வாடிவாசல்’ நூலாக வெளிவந்தது. நில அதிகாரம் சட்டத்தால் முடிவுற்றபோது, மதிப்பின் அதிகாரம் எதில் குடியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

பெரியபட்டி ஜமீன்தாரின் காரிக் காளை, அவருடைய கௌரவத்தின் உருவம். அதனைத் தொடுவது அவரையே தொடுவதாகும். அதனை எதிர்கொள்ள வரும் பிச்சியைச் சமூக ஏணியில் ஏற முயல்பவன் எனக் கொள்ள இயலாது. அவன் நிலமோ பட்டமோ நாடவில்லை. காரியிடம் உயிரிழந்த தந்தை அம்புலியின் தீராத கடனைத் தீர்க்கவே வந்துள்ளான். ஆகவே வாடிவாசலில் இரு மரபுரிமைகள் மோதுகின்றன. ஜமீன்தார் பெற்றது பட்டம். பிச்சி பெற்றது கடமை. சொத்தற்றவனுக்கும் பரம்பரை உண்டு என்னும் இந்தத் துணிபே இப்படைப்பின் தனிச்சிறப்பு.

பிச்சி வெல்கிறான். கூட்டத்தின் முன் ஜமீன்தார் பெருந்தன்மை காட்டவேண்டியவராகிறார். இறுதியில் காளையைத் தாமே சுட்டு வீழ்த்துகிறார். முத்துஸ்வாமி ஐயர் மதிப்பிழந்தபின் தம்மை மாற்றிக்கொண்டார். ஜமீன்தாரோ தம் இழப்பின் விலையை வாயில்லாப் பிராணி செலுத்தும்படி செய்தார். மதிப்பை ஒரே பொருளில் குவித்துவைத்தவருக்கு அது போனபின் மிஞ்சுவது ஏதுமில்லை.

முடிவுரை

ஆற்றங்கரைப் பேச்சும் வாடிவாசல் கூட்டமும் ஒரே பணியைச் செய்கின்றன. பரம்பரைச் செல்வருக்கு மதிப்பை வழங்குபவர்களும் அதைத் திரும்பப் பெறுபவர்களும் அச்செல்வம் இல்லாத எளியவர்களே. 1930ஆம் ஆண்டின் சட்டம் ஈட்டியவனுக்கு அவன் ஈட்டத்தைத் தந்தது. 1948ஆம் ஆண்டின் சட்டம் ஜமீன்தாரிடமிருந்து நிலத்தைப் பெற்றது. ஊராரின் பார்வையை மாற்றும் ஆற்றல் எச்சட்டத்துக்கும் இல்லை. வாழ்ந்து கெட்டவரை இரங்கியும் நேற்று முளைத்தவரை ஏளனம் செய்தும் பழகிய வழக்கிற்கு மாறாக, இவ்விரு படைப்புகளும் வேறோர் அளவுகோலை முன்வைக்கின்றன. ஒருவர் எங்கிருந்து வந்தார், எவ்வளவு உயர்ந்தார் என்பவற்றை விட, தம் மதிப்பு குலைந்தபோது அதன் சுமையை யார்மீது இறக்கிவைத்தார் என்பதே அந்த அளவுகோல்.