எழுபத்தைந்து பொட்டலங்கள்

காயல் துறைக்கு ஒரு காலத்தில் குதிரை வந்தது. ஒன்றிரண்டு இல்லை. கப்பல் கப்பலாக.

1292 வாக்கில் இந்தப் பக்கம் வந்து போன மார்க்கோ போலோ, காயல் என்ற பட்டணத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று மேற்கே எந்த ஊரிலிருந்து குதிரையும் சரக்கும் ஏற்றி வந்தாலும், கப்பல் இங்கேதான் வந்து நிற்கும் என்கிறார். அப்போது பாண்டிய நாட்டை ஆண்டவன் மாறவர்மன் குலசேகரன். கொஞ்ச காலம் கழித்து வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார். மாபார் என்று அரபிகள் அழைத்த நம் கடற்கரைக்கு வருஷத்துக்கு 10,000 குதிரைகள். தலைக்கு 220 தினார். பெருக்கிப் பாருங்கள், 22 லட்சம் தினார்! வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் அரசன் கஜானாவிலிருந்து காசு உண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லாத காலத்து இன்ஷூரன்ஸ்.

இவ்வளவு பணம் புரண்ட துறைமுகம் என்ன ஆயிற்று? எதிரி வந்து எரித்தானா?

இல்லை. 1311ல் மாலிக் காஃபூரின் படை மதுரை வரை வந்தது. பாண்டியர் ஆட்சி ஆட்டம் கண்டது. காயல் தாங்கிக்கொண்டது. 200 வருஷம் கழித்து, 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியரும் காயலைக் குறிப்பிடுகிறார். அப்போதும் அங்கே வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது.

படையெடுப்புக்கு அசராத துறைமுகத்தை மணல் முடித்துவிட்டது.

தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்கி வரும்போது சும்மா வருவதில்லை. வண்டல் கொண்டுவரும். வயலுக்கு அது வரம். துறைமுகத்துக்கு எமன். முதலில் கொற்கை போயிற்று. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை இன்றைக்குக் கடலை விட்டு சில கிலோமீட்டர் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒரு கிராமம். அடுத்து, கடலை நோக்கி நகர்ந்த காயல். அதன் வாசலும் தூர்ந்தது. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று இன்றைக்கு அந்தப் பக்கத்தில் காயல் பெயரில் மூன்று ஊர்கள். மார்க்கோ போலோ பார்த்தது எந்தக் காயல் என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கால்டுவெல் பழையகாயல் கட்சி. காயல்பட்டினத்துக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சும்மா விடமாட்டார்கள்.

நமக்கு வேண்டியது மணல்தான். மணல் யாரையும் வெட்டவில்லை. ஒரு குதிரையைக்கூடத் திருடவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்தது. எழுந்து போகவில்லை. முடிந்தது கதை.

இன்டர்நெட்டிலும் இதே மாதிரி ஒரு சங்கதி இருக்கிறது. டினையல் ஆஃப் சர்வீஸ் என்பார்கள். தமிழில் சேவை மறுப்பு. ஹேக்கர் என்றதும் பாஸ்வேர்டைத் திருடுகிறவன், பேங்க் அக்கவுண்டைக் காலி பண்ணுகிறவன் என்றுதான் நமக்குத் தோன்றும். சேவை மறுப்புக்காரன் வேறு ஜாதி. உள்ளே வரமாட்டான். எதையும் தொடமாட்டான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். ரேஷன் கடை கியூவில் கார்டும் இல்லாமல், பையும் இல்லாமல், முன்னால் நின்றுகொண்டு நகரவே நகராத ஆசாமியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடையில் அரிசி இருக்கிறது. எடை போடுகிறவரும் இருக்கிறார். ஒருத்தருக்கும் அரிசி கிடைக்காது.

இந்தக் கலையின் உச்சத்தை உலகம் 2003 ஜூலையில் தெரிந்துகொண்டது.

அதற்கு முன்னால் ரவுட்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நீங்கள் அனுப்புகிற மெயிலோ போட்டோவோ முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் விலாசம் இருக்கும். அதைப் பார்த்து, நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ என்று தள்ளிவிடுகிற பெட்டிதான் ரவுட்டர். ரயில் மெயில் சர்வீஸில் ராத்திரி பூராவும் தபால் பிரிப்பார்களே, அந்த வேலை. ஒரு நொடியில் லட்சக்கணக்கில் பிரிக்கும், அதுதான் வித்தியாசம்.

அன்றைக்கு இன்டர்நெட்டின் முக்கியமான சந்திப்புகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தவை சிஸ்கோ கம்பெனியின் ரவுட்டர்கள். 1984ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லியோனார்ட் போஸாக், சாண்டி லெர்னர் என்ற தம்பதி ஆரம்பித்த கம்பெனி. அந்த ரவுட்டர்களுக்குள் ஓடுகிற மென்பொருளுக்கு ஐ.ஓ.எஸ். என்று பெயர். ஆப்பிள் போனில் இருக்கிறதே, அது இல்லை. இது அதற்கு மூத்தது.

2003 ஜூலை மத்தியில் சிஸ்கோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எங்கள் மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது, உடனே அடையுங்கள்.

என்ன ஓட்டை?

தனக்கென்றே வருகிற பொட்டலங்களை ரவுட்டர் ஒரு வரிசையில் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். பார்த்து முடித்ததும் வரிசையை விட்டு அனுப்பிவிடும். சாதாரணமாக அந்த வரிசையில் 75 பேருக்குத்தான் இடம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும், உள்ளே என்ன வகைச் சரக்கு என்று சொல்ல ஓர் எண் இருக்கும். 53, 55, 77, 103 என்ற நான்கு எண்களில் வருகிற பொட்டலங்களைக் குறிப்பிட்ட விதத்தில் தயாரித்து அனுப்பினால், ரவுட்டர் அவற்றை வரிசையில் நிற்க வைக்கும். அப்புறம் மறந்துவிடும். வெளியே அனுப்பவே அனுப்பாது.

இப்படி 75 பொட்டலங்கள் வந்துவிட்டால் வரிசை ஃபுல். அதற்கப்புறம் அந்த வாசலில் எதுவும் நுழைய முடியாது. நல்ல பொட்டலம், கெட்ட பொட்டலம், எதுவும்.

வெறும் 75! சாதாரணமாக ஒரு தளத்தை முடக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களிலிருந்து வெள்ளம் மாதிரி பொட்டலங்களைக் கொட்டவேண்டும். இங்கே ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு கம்ப்யூட்டர், கை நிறையப் பொட்டலம் போதும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. வாசல் அடைபட்டது ரவுட்டருக்கே தெரியாது. சத்தம் போடாது. சிவப்பு விளக்கு எரியாது. தானாக ரீஸ்டார்ட் ஆகாது. சௌக்கியமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். யாராவது போய்ப் பார்த்து, அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். மறுபடி 75 பொட்டலம் வந்தால் மறுபடி மயக்கம்.

சிஸ்கோ ஒரு காரியம் செய்தது. ஊருக்குச் சொல்வதற்கு முன்னால், இன்டர்நெட்டின் முதுகெலும்பாக இருக்கிற பெரிய நிறுவனங்களுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தது. ராத்திரியோடு ராத்திரியாக அவர்கள் மென்பொருளை மாற்றிக்கொண்டார்கள். பிறகுதான் பொது அறிவிப்பு. திருத்திய மென்பொருளுக்குக் காசு கிடையாது. ஓரிரு நாளிலேயே இந்த ஓட்டையைத் தாக்குவதற்கான நிரல் பொதுவில் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பெரிய வாசல்களெல்லாம் பத்திரமாகிவிட்டன. பயந்த அளவுக்கு உலகம் முடங்கவில்லை.

நியாயமான ஏற்பாடுதானே என்றால், ஆமாம், நியாயம்தான். பெரிய அணை உடைந்தால் எல்லோருக்கும் ஆபத்து. அதை முதலில் கட்டவேண்டும். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போயிற்று. ஒரு சின்ன ஊரில் நாலு ரவுட்டரை வைத்துக்கொண்டு தொழில் செய்தவருக்கு, ஓட்டையும் தாக்குகிற ஆயுதமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. ஆபத்து என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். அவகாசம் ஒன்றாக இல்லை.

2003ல் ரவுட்டர் என்பது பெரிய கம்பெனிகளின் ஏ.சி. அறையில் இருந்த சமாசாரம். அடுத்த 10 வருஷத்தில் அது நம் வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. பிராட்பேண்ட் மோடம் என்று நாம் சொல்கிற பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி ரவுட்டர் இருக்கிறது. வாசல் வீட்டுக்கு வந்தால் மணலும் வீட்டுக்கு வரும்.

2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீடுகளில் இன்டர்நெட் படுத்துவிட்டது. டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள். வீட்டு மோடத்தைக் கம்பெனி தன் அலுவலகத்திலிருந்தே சரிசெய்வதற்காக 7547 என்ற எண்ணில் ஒரு கதவு வைத்திருப்பார்கள். இந்தக் கதவுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் போர்ட். துறைமுகத்துக்கும் இங்கிலீஷில் அதே உச்சரிப்புதான். மிராய் என்ற வைரஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று, அந்தக் கதவு வழியாக மோடங்களைப் பிடித்து அடிமையாக்கப் பார்த்தது. அந்த மோடங்கள் அடிமையாகவில்லை. தட்டின தட்டலிலேயே மயங்கி விழுந்துவிட்டன. வைரஸ் தோற்றது, ஆனாலும் 9 லட்சம் வீடுகள் இருட்டு.

எட்டு மாதம் கழித்து, 2017 ஜூலையில் நம் முறை. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்கள் திடீரென்று செத்தன. சுமார் 60,000 மோடங்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் மத்திய நெட்வொர்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடங்கள்தான் மாட்டிக்கொண்டன, மாற்றிவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது நிறுவனம். அந்தப் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? அட்மின்.

இதன் பின்னால் பிரிக்கர்பாட் என்றொரு நிரல். எழுதியவன் தன்னை ஜானிட்டர் என்று சொல்லிக்கொண்டான். கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பராமரிக்கிறவன் என்று அர்த்தம். அவன் வாதம் விசித்திரமானது. பாதுகாப்பில்லாத மோடத்தை மிராய் மாதிரி ஒரு வைரஸ் பிடித்தால், அதை வைத்து ஊரையே தாக்கும். அதற்கு முன்னால் நானே அதைக் கொன்றுவிடுகிறேன்! இதற்கு அவன் வைத்த பெயர், இன்டர்நெட்டுக்குக் கீமோதெரபி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மோடம் போனவருக்குக் கடை பில் போட முடியவில்லை, ரயில் டிக்கெட் எடுக்க முடியவில்லை, அப்ளிகேஷன் போட முடியவில்லை. பாஸ்வேர்ட் என்று ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? பெட்டியைக் கொடுத்தவர் அட்மின் என்று வைத்துக் கொடுத்தார். மாற்றாதது வாங்கியவர் குற்றமாகிவிட்டது.

நான் படித்தது பி.காம். அதனால் இந்த விவகாரம் எனக்குக் கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது. புது ரவுட்டர் வாங்கினால் அது சொத்து. ஐந்தொகையில் கௌரவமாக ஏறி உட்காரும். திறப்பு விழாகூட நடத்தலாம். பழைய ரவுட்டரின் மென்பொருளைத் திருத்த ஆள் போட்டால்? அது வெறும் செலவு. ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு எதற்கு இவ்வளவு சம்பளம் என்று முதலாளி கேட்பார். தூர் வாருகிற வேலையின் தலையெழுத்து அது. தண்ணீருக்கடியில் நடக்கிற வேலைக்கு யார் மாலை போடப் போகிறார்கள்?

நம் நாட்டில் இதற்கென்று ஆள் இல்லாமல் இல்லை. 2004 ஜனவரியில் சர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு வேலையைத் தொடங்கியது. ஓட்டை இருப்பதாகத் தெரிந்தால் எச்சரிக்கை விடும். எச்சரிக்கை சரி. அதைப் படித்துவிட்டுப் பெட்டியில் கை வைக்கப்போவது யார்? விற்ற கம்பெனியா, இணைப்புக் கொடுத்தவரா, வீட்டுக்காரரா? மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் காட்டுவார்கள்.

வெளித்தொடர்பு இல்லாமல் போவது என்றால் என்னவென்று காயல்பட்டினத்துக்குத் தெரியும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அந்த ஊரில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். பல ஊர்கள் ஒரு வருஷத்தில்கூடப் பார்க்காத மழை. ரோடு போயிற்று, கரண்ட் போயிற்று, அதோடு போனும் போயிற்று. கொழும்பு, ஹாங்காங், வளைகுடா என்று பிள்ளைகளை அனுப்பி வைத்திருக்கிற ஊர் அது. தண்ணீர் வடிவதற்கு முன்னால் அந்த வீடுகளுக்கு வேண்டியிருந்தது, உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையும் பொட்டலமாகத்தான் போகவேண்டும். வழியில் எங்கோ ஒரு பெட்டி அதைப் பார்த்து, இந்தப் பக்கம் போ என்று தள்ளிவிடவேண்டும்.

மழையை நிறுத்த யாராலும் முடியாது. 700 வருஷத்துக்கு முன்னால் தாமிரபரணியின் வண்டலையும் நிறுத்தியிருக்க முடியாதுதான். 75 பொட்டலத்தில் மயங்குகிற மென்பொருளும், அட்மின் என்ற பாஸ்வேர்டும் அப்படியில்லை. இரண்டையும் செய்தது மனுஷன். சரிசெய்ய வழி உண்டு, பல சமயம் இலவசமாகவே.

காயல் துறை தூர்ந்தபோது குதிரைக் கப்பல்காரர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. அடுத்த துறைக்குப் போய் நங்கூரம் போட்டார்கள். கரையில் இருந்தவர்கள்தான் நின்ற இடத்தில் நின்றார்கள். உங்கள் வீட்டு மோடத்தின் பாஸ்வேர்ட் என்ன என்று இன்றைக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீதிப் பாதியை, பெட்டியைக் கொடுத்தவரிடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள்?