குற்றாலக் குறத்தியும் குற்றப் பரம்பரையும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகே அமைந்த சிற்றூர் மேலகரம். அவ்வூர்ப் புலவர் திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். பாட்டின் சுவையில் மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் மானியமாக அளித்தார். அந்நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் வழங்கலாயிற்று. பாடிய புலவருக்கு மேடு கிடைத்தது. பாடப்பட்ட குறத்தியின் குலத்துக்குக் கிடைத்ததோ படுகுழி! அந்தக் கதையைத்தான் தமிழ் இளைஞர்கள் அறிய வேண்டும்.

குறவஞ்சியில் வரும் சிங்கி யார்? மலைமகள். நகரத்துச் சீமாட்டி வசந்தவல்லியின் முன் நின்று, தன் மலையின் வளத்தைத் தலைநிமிர்ந்து கூறுகிறாள். அவள் கைரேகை பார்த்துக் குறி சொல்கிறாள். குறி பலிக்கும் என்று நாம் நம்புவதில்லை. எனினும், அங்கே மலை பேசுகிறது, நகரம் கேட்கிறது என்பதை மறுக்க முடியுமா? பரிசாகப் பெற்ற அணிகளோடு அவள் திரும்பும்போது, காலிலே என்ன, கையிலே என்ன என்று கணவன் சிங்கன் ஐயுற்றுக் கேட்கிறான். குறி சொல்லிப் பெற்ற பரிசு என்கிறாள். ஐயம் தீர்கிறது, காதல் வெல்கிறது.

இருநூறு ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கேட்டவன் கணவன் அல்லன், காவற்காரன். அவன் கையிலே இருந்தது விலங்கு.

1871-ல் வெள்ளை அரசு, வடஇந்தியப் பகுதிகளுக்கெனக் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றிற்று. 1911-ல் அது திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. அதன் வலையில் கள்ளர் முதலான பல சமூகங்களோடு குறவரும் வீழ்ந்தனர். பெயர்ப் பட்டியல், காவல் நிலையத்தில் ஆஜர், வெளியூர் செல்ல அனுமதி, முள்வேலிக் குடியிருப்பு, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கவும் அதிகாரம்! ஊரார் கைரேகையைப் பார்த்தவள் குறத்தி. அவள் கைரேகையைப் பிடித்து மையில் தோய்த்தது சட்டம்.

குறவர் செய்த குற்றம் யாது? அவர்களில் பலர் மாட்டின் முதுகிலே உப்பும் தானியமும் ஏற்றி, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்து வாணிகம் செய்தவர்கள். அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கிற்று. இரயில் வந்தது, பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் வாட்டிற்று. 1882-ல் வனச்சட்டம் காட்டின் கதவை அடைத்தது. பிழைப்பைப் பறித்தவர்களே, பிழைப்பின்றித் திரிந்தவர்களைத் திருடர் என்றனர்!

பழியை வெள்ளையன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? அச்சட்டத்தைக் கொண்டு வந்தோர் கூறிய வாதத்தை எண்ணிப் பாருங்கள். இந்நாட்டில் சாதிக்கொரு தொழில் உண்டு. தந்தை தொழில் மகனுக்கு. ஆகவே குற்றத்தையே குலத்தொழிலாகக் கொண்ட சாதியும் இருக்கும் என்றனர். இந்த வாதத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது எது? வருணாசிரமம் அன்றோ! பிறப்பால் உயர்ந்தவன் ஒருவன் உண்டென ஒப்புக்கொண்ட சமுதாயம், பிறப்பால் திருடன் ஒருவன் உண்டென்றபோது எதிர்த்துப் பேச நாவின்றி நின்றது. வள்ளியைக் குறமகள் என்று பாடிக் கோயிலிலே வைத்தோம். வள்ளியின் இனத்தைப் பட்டியலிலே வைத்தபோது வாளாவிருந்தோம்.

சென்னை மாகாணத்தில் 1947-லும், இந்தியா முழுமைக்கும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது. ஆனால், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1948-லேயே சென்னையில் பிறந்துவிட்டது. ஏட்டிலிருந்து நீங்கிய சொல் எண்ணத்திலிருந்து நீங்கவில்லை. ஊரில் களவு நடந்தால் முதலில் யார் குடிசை தட்டப்படுகிறது? அந்தக் கதவின் ஓசையே விடை.

பகை தீர்ந்து உறவு மலர வழி யாது? ஆஸ்திரேலிய நாடு, பிரித்தெடுக்கப்பட்ட தொல்குடிப் பிள்ளைகளுக்காக 2008 பிப்ரவரி 13-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் கனடா, தொல்குடிப் பிள்ளைகளை அடைத்துவைத்த பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டது. நம் நாட்டிலும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது எனத் தன் முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்வது முதற்படி, அதுவே முடிவாகிவிடாது.

அடுத்த படிக்கு நம் மலைத்தொடரிலேயே சான்று உண்டு. தெற்கே பொதிகைச் சாரலில் வாழும் காணிக்காரர், களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை 1987-ல் கேரள ஆய்வாளர்களுக்குக் காட்டினர். அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்து பிறந்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் ஆய்வு நிலையம் பெற்றதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று; அதைப் பெற 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. குறைகள் இல்லாமல் இல்லை. எனினும் அங்கே கொடுக்கப்பட்டது பிச்சையன்று, பங்கு! இரக்கத்தால் நீட்டப்படும் கை தாழ்ந்தவன் ஒருவனைத் தேடும். பங்கு தரும் கையோ சமமானவனைக் காணும்.

தோழர்களே! சாரல் பொழியும் காலத்தில் குற்றால அருவியில் நீராட ஆயிரமாயிரவர் வருகின்றனர். அந்த மலையின் மக்களாம் பளியரையும் குறவரையும் நினைப்பவர் எத்தனை பேர்? பள்ளியிலே குறவஞ்சியைக் கற்பிக்கிறோம். அதனோடு 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துக் கற்பிப்போம். வகுப்பில் அமர்ந்திருக்கும் குறவர் வீட்டுப் பிள்ளை, தன் இனம் பாட்டிலே மட்டும் பெருமை பெற்றது ஏன் என்று கேட்கட்டும். மற்றப் பிள்ளைகள் அதற்கு விடை தேடட்டும். சாதிச் சான்றுக்காக அலைபவனோடு அலுவலகம் வரை நடப்போம். காரணமின்றிக் கைதானவனுக்காகக் காவல் நிலையம் வரை செல்வோம்.

அன்று மலையின் பேச்சை நகரம் கேட்டது, அது இனித்ததால். இன்று அது கசக்கும். அதனாலேயே கேட்க வேண்டும்.