குவின்சி நிலையம்: தெருவுக்கு மேல் ஒரு வாசல்

தெரு எல்லார்க்கும் பொது. அதன் மேல் விழும் வெளிச்சமும் பொது. அத்தெருவில் எஃகுத் தூண்களை நட்டு மேலே இரயிலை ஓட்டினால், ஏறிச் செல்வோர்க்கு விரைவு கிட்டும். கீழே கடை வைத்திருப்போர்க்கு நிழலும் இரைச்சலும் மிஞ்சும். இவ்விரு சாராரில் யார் பக்கம் நியாயம்? அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், 1897 முதல் நின்று வரும் குவின்சி நிலையத்தின் வரலாறு இவ்வழக்கின் வரலாறே எனலாம்.

ஊருக்குள் வராத இரயில்

சிக்காகோவின் முதல் உயர்தள இரயில் 1892 ஜூன் 6-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. நீராவி எஞ்சின் இழுத்த அவ்வண்டி தென்பகுதியிலிருந்து வந்து காங்கிரஸ் தெருவோடு நின்றுவிட்டது. பின்னர் வந்த லேக் தெருப் பாதையும் (1893), தொடக்கத்திலேயே மின்சாரத்தால் ஓடிய மெட்ரோபாலிட்டன் பாதையும் (1895) தத்தம் முனைகளில் தனித்தனியே நின்றன. வேலைக்குச் செல்வோர் வணிக மையத்தின் ஓரத்தில் இறங்கி, எஞ்சிய தொலைவை நடந்தோ டிராம் ஏறியோ கடக்க வேண்டியதாயிற்று.

இதற்குக் காரணம் ஒரு சட்டம். தெருவின் மீது பாதை அமைக்க விரும்புவோர், ஒவ்வொரு மைல் நீளத்திலும் தெருவை ஒட்டிய மனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் உரிமையாளரிடம் இசைவு பெறல் வேண்டும். இத்தொல்லைக்கு அஞ்சியே தென்பகுதிக் கம்பெனி, தெருவை விடுத்துச் சந்துகளை ஒட்டி நிலம் வாங்கிப் பாதை அமைத்தது.

எர்க்கீசின் சூழ்ச்சி

இம்முடிச்சை அவிழ்த்தவர் சார்லஸ் டைசன் எர்க்கீஸ் என்னும் போக்குவரத்து முதலாளி. எல்லாப் பாதைகளையும் இணைக்கும் வளையம் ஒன்றை அவர் திட்டமிட்டார். நான்கு பக்கங்களுக்கும் ஒரே கம்பெனி இசைவு கேட்டால் கிட்டாது என்பதை உணர்ந்து, பணியைப் பல கம்பெனிகளுக்குப் பகிர்ந்தார். வான் பியூரன் தெருவின் வணிகர்கள் மறுத்தபோது, பாதை மேற்கே ஹால்ஸ்டெட் தெரு வரை செல்லும் என்று ஒரு மைலுக்கு மேல் நீட்டிக் காட்டினார். மேற்குக் கோடியில் இருந்த தொழிற்கூட உரிமையாளர்கள் மகிழ்வுடன் இசைந்தனர். கணக்கில் பெரும்பான்மையும் சேர்ந்தது. ஆனால் அந்த மேற்குப் பகுதி கட்டப்படவே இல்லை! சட்டத்தின் சொல் காக்கப்பட்டது. அதன் கருத்துத் தோற்றது.

நிலையத்தின் அமைப்பு

வளையத்தின் எஃகுக் கட்டுமானத்தை வகுத்தவர் ஜே. ஏ. எல். வாடெல் என்னும் பாலப் பொறியாளர். நிலையங்களின் வடிவம் ஏ. எம். ஹெட்லி என்பாருடையது. அந்நாளில் ஐந்தாம் அவென்யூ என்று வழங்கிய வெல்ஸ் தெருவில், 1897 அக்டோபர் 3-ஆம் நாள் குவின்சி திறக்கப்பட்டது.

நடுவே இரு தண்டவாளங்கள். இரு பக்கமும் மேடைகள். தெருவிலிருந்து ஏறும் படிக்கட்டுகள். இவ்வளவே அதன் உறுப்புகள். எனினும், கட்டணம் செலுத்தும் சிறு கூடத்தின் புறச்சுவரைப் பாருங்கள்: பண்டை உரோமக் கோயிலை நினைவூட்டும் அரைத்தூண்களும் மலர் வளையங்களும் அங்குண்டு. அவை கல்லில் செதுக்கியவை அல்ல; உலோகத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்து, வண்ணம் பூசப்பட்டவை. தூண்களின் மேல் நிற்கும் கட்டடத்திற்குக் கனமற்ற தகடே ஏற்றது, செலவும் குறைவு. உட்புறமோ மரப்பலகையால் ஆனது. சில காசு கொடுத்துப் பயணம் செய்யும் எழுத்தருக்கும் தையல் பெண்ணுக்கும் இந்த அலங்காரம் கிடைத்தது. தெருவினின்று பறித்த வெளிச்சத்திற்கு இஃது ஒரு சிறு ஈடு என்று கொண்டாலும் தவறில்லை.

இடிப்பும் மீட்பும்

1943-இலும் 1951-இலும் நிலத்தடிப் பாதைகள் திறக்கப்பட்டன. அதன்பின் வளையம் பழைய இரும்புக் குப்பையாகவே பலர் கண்ணுக்குத் தோன்றிற்று. அதனை இடித்துவிட்டுச் சுரங்கம் தோண்டும் திட்டம் 1970-களின் இறுதியில்தான் கைவிடப்பட்டது. 1985-இல் தொடங்கிய செப்பனிடும் பணி 1988-இல் முடிந்து, குவின்சி தன் பழைய கோலத்தைப் பெற்றது. அதே தெருவில் மேடிசன், ராண்டால்ஃப் நிலையங்களுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அவ்விரண்டுக்கும் ஈடாக 1995-இல் புதிய நிலையம் ஒன்று எழுந்தது.

ஆயினும் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது. படியேற இயலாத முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் அந்த அழகிய வாசல் மூடிய வாசலே. 2018-இல் மின்தூக்கிகள் அமைந்த பின்னரே அது திறந்தது. எர்க்கீஸ் கையொப்பங்களை எண்ணினார். அக்கணக்கில் படியேற முடியாதவர் வரவே இல்லை. அவரையும் எண்ணிக் கொள்ள ஒரு நகரத்திற்கு 121 ஆண்டுகள் பிடித்தன என்பதே குவின்சி புகட்டும் பாடம்.