கேன் வளையக் கவசம்

கேன் வளையக் கவசம் என்பது குளிர்பான, பீர் கேன்களின் திறப்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்யப்படும் வேட உடை ஆகும். பழங்காலப் போர்வீரர்கள் அணிந்த இரும்புச் சங்கிலிக் கவசத்தின் தோற்றத்தை இது தருகிறது. நாடக மேடைகளிலும் வரலாற்று வேடமணியும் நிகழ்ச்சிகளிலும் இது பயன்படுகிறது.

முன்மாதிரி

இரும்பு வளையங்களைப் பின்னிக் கவசம் செய்யும் முறை பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவின் கெல்ட் மக்களிடம் இருந்தது. ருமேனியாவின் சியுமெஷ்தி என்ற இடத்தில் கிடைத்த கவசத் துண்டுகள் இதற்குச் சான்று. பின்னர் ரோமானியர் இதை ஏற்றுக்கொண்டனர். பரவலாக வழங்கிய பின்னல் முறையில் ஒவ்வொரு வளையமும் அண்டையிலுள்ள நான்கு வளையங்களுக்குள் நுழைந்து செல்லும். போருக்கான கவசங்களில் வளையத்தின் முனைகளைத் தறையாணி அடித்து மூடினர். அதனால் அடி விழுந்தாலும் வளையம் எளிதில் பிரியாது.

இரும்புக் கவசம் ஒன்று ஏறத்தாழ 10 கிலோ எடை இருக்கும். ஆகவே மேடைக்கும் திரைக்கும் இலேசான மாற்றுகள் தேவைப்பட்டன. கம்பளி நூலில் பின்னி வெள்ளி வண்ணம் பூசுவது ஒரு வழி. 1975இல் வெளிவந்த 'மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்' திரைப்படத்தில் வீரர்கள் அணிந்தவை இத்தகைய பின்னலாடைகளே. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்கு பிளாஸ்டிக் குழாய்களை நறுக்கிக் கோடிக்கும் மேற்பட்ட வளையங்கள் செய்து கையால் கோத்தனர்.

வளையம் வந்த கதை

அமெரிக்காவில் 1935இல் பீர் கேன் விற்பனைக்கு வந்தது. அதைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும். ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் 1959இல் ஓர் உல்லாசப் பயணத்தின்போது அக்கருவியை மறந்துவிட்டார். காரின் பம்பரில் இடித்துக் கேனைத் திறக்க நேர்ந்தது. கருவியே தேவைப்படாத மூடியை அவர் உருவாக்கியதற்கு இதுவே தூண்டுதல் என்பர். 1962இல் பிட்ஸ்பர்க் நகரின் 'அயர்ன் சிட்டி' பீர் கேன்களில் இழுத்துப் பிய்க்கும் திறப்பு அறிமுகமானது.

வசதியோடு ஒரு தொல்லையும் வந்தது. பிய்த்த வளையத்தை மக்கள் அங்கேயே வீசினர். கடற்கரை மணலில் கிடந்த கூரிய வளையங்கள் வெறுங்காலைக் கிழித்தன. வளையத்தைக் கேனுக்குள் போட்டுவிட்டுக் குடித்த சிலர் அதை விழுங்கியதும் உண்டு. ஓரிகன் மாநிலம் 1971இல் இயற்றிய சட்டம் இத்தகைய கேன்களைத் தடை செய்தது. 1975இல் ரேனால்ட்ஸ் நிறுவனத்தின் டேனியல் கட்ஸிக் வடிவமைத்த, கேனிலேயே ஒட்டி நிற்கும் வளையம் புழக்கத்துக்கு வந்தது. பழைய வளையம் குறுகிய காலமே வழங்கியதால், மண்ணில் அது கிடைத்தால் அந்த அடுக்கின் காலத்தைக் கணிக்க அமெரிக்கத் தொல்லியலாளர்களுக்கு அது துணைபுரிகிறது.

செய்முறை

பழைய வளையத்தில் நாக்கு போன்ற தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதை அடுத்த வளையத்துக்குள் நுழைத்து மடித்தால் சங்கிலி உருவாகும். கருவி எதுவும் வேண்டாம். இன்றைய வளையத்தில் நாக்கு இல்லை. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரு துளைகள் உள்ளன. எனவே மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

• வளையத்தின் ஓரத்தை ஓரிடத்தில் வெட்டி, அடுத்த வளையங்களை நுழைத்து, வெட்டை இடுக்கியால் அழுத்தி மூடுதல்.
• சிறு கம்பி வளையங்களால் இணைத்தல்.
• துளைகளின் வழியே நூலோ நாடாவோ கோத்துப் பின்னுதல்.

வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கினால் மீன் செதில் போன்ற தோற்றம் கிடைக்கும். வெட்டிய விளிம்புகள் தோலைக் கீறும் என்பதால் அவற்றை அரத்தால் தேய்ப்பதும், உள்ளே தடித்த துணி அணிவதும் அவசியம்.

பயனும் வரம்பும்

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அதனால் இவ்வுடை இலேசானது. ஆனால் வளையம் எளிதில் வளைந்து பிரிந்துவிடும். வாளுக்கோ கம்புக்கோ இது காப்பாகாது. தோற்றத்துக்கு மட்டுமே உரியது. சண்டைப் பயிற்சிக்கு இதை நம்பி அணிவது ஆபத்து.

இதை 'மறுசுழற்சி' என்று பலர் அழைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வளையம் தரையில் வீசப்பட்ட காலத்தில், அதைப் பொறுக்கிக் கோத்த ஒவ்வொரு கையும் கடற்கரையிலிருந்து ஒரு முள்ளை அகற்றியது. இன்று வளையம் கேனோடு சேர்ந்தே உலைக்குச் செல்கிறது. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே பழையதை உருக்கப் போதும். கேனிலிருந்து வளையத்தைப் பிரித்தால் அது அந்தச் சுற்றிலிருந்து விலகுகிறது. ஆகவே இன்றைய கேன் வளையக் கவசத்தை மறுபயன்பாடு என்று சொல்வதே பொருந்தும். உடை நைந்தபின் அதையும் பழைய உலோகத்தோடு சேர்த்தால்தான் மறுசுழற்சி நிறைவடையும்.