தொலைப்பணி விசா: ஆகுர்டியிலிருந்து இணையவழி விண்ணப்பம்

தொலைப்பணி விசா என்பது ஒரு நாட்டு நிறுவனத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டே இன்னொரு நாட்டில் மாதக்கணக்கில் தங்கி, மடிக்கணினி வழியாக அந்த வேலையைத் தொடர இடம் தரும் நெடுநாள் அனுமதி. சுற்றுலா விசாவில் தங்கும் நாள் குறைவு. அதில் வேலை பார்க்கலாமா என்பதும் பல நாடுகளில் தெளிவில்லாத சங்கதி. வேலை விசாவுக்கு உள்ளூர் முதலாளி ஒருவர் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் 2020இலிருந்து பரவிய மூன்றாவது வகை இது. தங்கும் நாட்டின் வேலைச் சந்தையில் நுழையக் கூடாது என்பது பெரும்பாலான நாடுகள் விதிக்கும் நிபந்தனை. புனேயை அடுத்த ஆகுர்டியில் குடியிருக்கும் ஒருவர் இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது எதிர்கொள்ளும் படிகளை இக்கட்டுரை விவரிக்கிறது. தொகைகளும் விதிகளும் 2025 நிலவரப்படி தரப்படுகின்றன.

ஆகுர்டி

பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஒரு பகுதி ஆகுர்டி. புனே-லோணாவளா மின்தொடர் பாதையில் சிஞ்ச்வடுக்கும் தேஹு ரோடுக்கும் இடையில் இதன் ரயில் நிலையம் இருக்கிறது. பஜாஜ் ஆட்டோவின் தலைமையகமும் பழைய ஆலையும் இங்கேதான். சேத்தக் ஸ்கூட்டரால் பெயர் பெற்ற இந்த ஆலையில் 2007இல் உற்பத்தி நின்றது. 2022இல் மின் ஸ்கூட்டரோடு திரும்பி வந்தது. அதற்குள் ஊரின் தொழில் முகம் மாறிவிட்டது. நெடுஞ்சாலைக்கு அப்பால் ஹிஞ்சவடியில் எழுந்த ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் போய்வருபவர்கள் ஆகுர்டியிலும் பக்கத்து நிக்டியிலும் வாடகைக்குக் குடியேறினார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மென்பொருள் பணியாளர்களும் உண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் வேலை வீட்டுக்குள் வந்தபோது, இங்கிருந்து செய்வதை வேறு நாட்டிலிருந்து ஏன் செய்யக் கூடாது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

விசாவின் தோற்றம்

நாடுகள் இந்த விசாவைக் கொடுக்கத் தொடங்கியது தாராள மனத்தால் அல்ல. பெருந்தொற்றில் விடுதிகள் காலியாகிக் கிடந்தன. இரண்டு வாரம் தங்கிப் போகும் பயணி வரவில்லை. ஓராண்டு தங்கி வாடகை கொடுப்பவர் வந்தால் போதும் என்ற கணக்கு. பார்படோஸ் 2020 ஜூலையில் 12 மாத அனுமதியை அறிவித்தது. வருமானம் ஆண்டுக்கு 50,000 டாலர், கட்டணம் 2,000 டாலர். அடுத்த மாதமே எஸ்டோனியா வந்தது. அக்டோபரில் துபாய் சேர்ந்தது, அதற்கடுத்து மொரீசியஸ். பின்னாளில் சேர்ந்தவற்றில் தாய்லாந்து பெரிய பெயர்: 2024 ஜூலை 15 முதல் டிடிவி என்ற விசா.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு எல்லாக் கதவும் திறப்பதில்லை. ஐஸ்லாந்தின் தொலைப்பணி விசா, அந்நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படாதவர்களுக்கு மட்டும். ஜப்பான் 2024 மார்ச்சில் தொடங்கிய ஆறு மாத அனுமதிக்கு ஒரு கோடி யென் ஆண்டு வருமானம் வேண்டும். அந்த வருமானம் இருந்தாலும், இதற்கு விண்ணப்பிக்க ஜப்பான் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே விண்ணப்பதாரர் முதலில் பார்க்க வேண்டியது கட்டணத்தை அல்ல, இந்தப் பட்டியலை.

இந்தியருக்குத் திறந்தவை

மொரீசியஸின் பிரீமியம் விசா ஓராண்டுக்கு, கட்டணமின்றி, இணையத்தில் விண்ணப்பிக்கக் கூடியது. மாதம் 1,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 1,27,500 ரூபாய். மற்ற நாடுகளோடு பார்த்தால் இதுதான் ஹிஞ்சவடிச் சம்பளத்துக்கு எட்டும் தொகை. வேலையும் வருமானமும் தீவுக்கு வெளியிலிருந்து வர வேண்டும், மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பவை மற்ற நிபந்தனைகள். நாணயத்தாளில் தமிழ் எண்கள் அச்சாகும், தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை தரும் தீவு அது. ஆனாலும் தமிழ்நாட்டவர் இந்த விசாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச்செல்லாம் துபாயும் பாங்காக்கும்தான்.

மலேசியாவின் டிஇ ரந்தாவ் திட்டம் 2022 அக்டோபரில் தொடங்கியது. நடத்துவது அந்நாட்டு எண்ணிமப் பொருளாதாரக் கழகமான எம்டெக். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை அனுமதி, மேலும் பன்னிரண்டு மாதம் புதுப்பிக்கலாம். மென்பொருள் சார்ந்த வேலையில் இருப்பவருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலருக்கு மேல் வேண்டும். மேற்படி கணக்கில் சுமார் 20 லட்சம் ரூபாய். 2024இல் மற்றத் தொழிலினருக்கும் திறந்துவிட்டார்கள், ஆனால் அவர்களுக்கு 60,000 டாலர். கட்டணம் விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட், உடன் வருபவருக்கு 500. பினாங்கு தொடக்கத்திலேயே இத்திட்டத்தின் மையங்களில் ஒன்றாக இருந்ததால் தமிழ்ச் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் குறைவிருக்காது.

தாய்லாந்தின் டிடிவி வேறு மாதிரியானது. அது வருமானத்தைவிடச் சேமிப்பைக் கேட்கிறது: வங்கியில் 5,00,000 பாட், பாட் ஒன்றுக்கு இரண்டரை ரூபாய் என்றால் பன்னிரண்டரை லட்சம். வயது இருபதுக்குக் குறையக் கூடாது. ஐந்தாண்டு செல்லும், எத்தனை முறையும் நுழையலாம், ஒவ்வொரு நுழைவிலும் 180 நாள் தங்கலாம். அறிவிக்கப்பட்ட கட்டணம் 10,000 பாட். தாய்லாந்துக்குள் சுற்றுலாப் பயணியாக நுழைந்துவிட்டு அங்கிருந்தே இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதே 2024 ஜூலை 15 அன்று இந்தியருக்கு 60 நாள் விசா விலக்கும் நடைமுறைக்கு வந்ததால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

துபாய் முதலில் மாதம் 5,000 டாலர் கேட்டது, பிறகு 3,500 ஆகக் குறைத்தது. இந்தோனேசியாவின் பாலிக்குப் போக ஆசைப்படுபவர் ஆண்டுக்கு 60,000 டாலர் காட்ட வேண்டும். அது 51 லட்சம் ரூபாய். ஸ்பெயினும் போர்ச்சுகலும் தம் நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் பெருக்கி வரம்பு வைக்கின்றன, முன்னது இரண்டு மடங்கு, பின்னது நான்கு மடங்கு. ஐரோப்பிய விசாக்களில் படிவம் இணையத்தில் இருந்தாலும் கைரேகைக்கும் அசல் தாள்களுக்கும் நேரில் போயாக வேண்டும்.

இந்தத் தொகைகள் எல்லாம் டாலரிலோ யூரோவிலோ சம்பளம் வாங்குபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ரூபாய் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆகுர்டிக்காரருக்கு வரம்பு தானாகவே ஏறுகிறது. சம்பளம் அதோடு ஏறுவதில்லை.

நிறுவனக் கடிதம்

படிவம், புகைப்படம், கட்டணம் எல்லாம் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு தாளில்தான்: இவர் எங்கள் பணியாளர், இன்ன நாட்டிலிருந்து இன்ன காலம்வரை பணியாற்ற அனுமதிக்கிறோம் என்று நிறுவனம் தன் தாளில் எழுதிக் கையெழுத்திடும் கடிதம். மேலாளர் வாய்வார்த்தையாகச் சரி சொன்னதும் பலர் படிவத்தைத் திறந்துவிடுகிறார்கள். மேலாளரால் அந்தக் கடிதத்தைக் கொடுக்க முடியாது. மனிதவளப் பிரிவு, சட்டப் பிரிவு, வரிப் பிரிவு, தகவல் பாதுகாப்புப் பிரிவு என்று நாலு மேசை தாண்டி வர வேண்டும்.

அவர்கள் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. பணியாளர் ஒருவர் வேறு நாட்டில் மாதக்கணக்கில் இருந்து ஒப்பந்தம் பேசினாலோ வணிக முடிவெடுத்தாலோ, நிறுவனத்துக்கு அங்கே நிலையான தொழிலிடம் இருப்பதாக அந்நாட்டு வரித்துறை கருத இடமுண்டு. அப்படிக் கருதினால் லாபத்தில் பங்கு கேட்கும். வாடிக்கையாளர் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ என்றால், தரவை எந்த நாட்டிலிருந்து தொடலாம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இயங்கும் அலகு என்றால் இன்னொரு முடிச்சு: மண்டலத்துக்கு வெளியே வேலை பார்ப்பதையே மண்டல விதிகளில் 2022 ஜூலையில் சேர்த்த 43ஏ விதிதான் முறைப்படுத்தியது. ஹிஞ்சவடியில் இத்தகைய அலகுகள் பல. வீட்டிலிருந்து வேலை என்று கிடைத்த அனுமதியை வெளிநாட்டிலிருந்து வேலை என்று நீட்டிப் படிப்பது ஆபத்து. நிறுவனத்துக்குச் சொல்லாமல் போய் விபிஎன் பூட்டிக்கொண்டு சமாளிப்பதும் நடக்கிறது. உள்நுழைவுப் பதிவில் வெளிநாட்டு முகவரி தெரிந்துவிட்டால் வேலையே போகும்.

இதனால் நடைமுறையில் இந்த விசா எளிதாக அமைவது சுயதொழிலாகச் செய்யும் மென்பொருளாளர், வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர் போன்றவர்களுக்கும், வெளிநாட்டு நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும்தான். அவர்கள் கையில் இருக்க வேண்டியவை: வாடிக்கையாளர் ஒப்பந்தம், மூன்று முதல் ஆறு மாத பில்கள், அந்தப் பணம் வந்ததற்கு வங்கி தரும் எஃப்ஐஆர்சி, வருமான வரிக் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16ம். கடைசி வாரத்தில் மாமனாரிடமிருந்தும் நண்பரிடமிருந்தும் வாங்கிக் கணக்கில் போட்ட பணம் அறிக்கையில் பளிச்சென்று தெரியும். விசா அலுவலர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

முகவரியும் பெயரும்

விண்ணப்பம் எந்தத் தூதரகத்துக்குப் போகும் என்பதைக் குடியிருக்கும் மாநிலம் முடிவு செய்யும்: மகாராஷ்டிராவில் இருப்பவருக்குத் தாய்லாந்தின் மும்பைத் துணைத் தூதரகம், தமிழ்நாட்டில் இருப்பவருக்குச் சென்னை. 2025 ஜனவரி 1 முதல் தாய்லாந்து இந்தியர்களின் விண்ணப்பங்களை மின்விசாத் தளத்திலேயே வாங்குவதால் மும்பைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தூதரகம் என்ற தேர்வு தளத்திலும் உண்டு. கடவுச்சீட்டில் மதுரை முகவரி, குடியிருப்பு ஆகுர்டியில் என்ற நிலை இங்கே சர்வசாதாரணம். ஆகுர்டியில் குடியிருப்பதைக் காட்ட உதவுவது வாடகை வீட்டின் ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ பத்திரம். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 அதைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது; பதிவும் இணையத்தில் ஆகிவிடும். வீட்டுக்காரர் செலவை மிச்சம்பிடிக்க வெறும் முத்திரைத்தாளில் எழுதித் தந்த ஒப்பந்தம் இந்த வேலைக்கு ஆகாது.

காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கும் நாடுகளுக்குக் கடவுச்சீட்டுச் சேவைத் தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். புனேயின் சேவை மையம் முந்த்வாவில் இருக்கிறது, ஆகுர்டியிலிருந்து ஊரின் மறுகோடி. விசாரணை இப்போதைய முகவரியில் நடக்கும். பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்குத் தனிக் காவல் ஆணையரகம் 2018 ஆகஸ்ட் 15 முதல் இருப்பதால், காவல் நிலையத்தை எழுதும் இடத்தில் புனே நகரக் காவல் என்று போட்டால் தாள் சுற்றிக்கொண்டிருக்கும்.

தமிழருக்கென்றே ஒரு தொல்லை பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கமில்லை. சிலரின் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். வங்கிக் கணக்கிலோ முன்னெழுத்து மட்டும். பல இணையப் படிவங்கள் குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டில் வருகை விசா இல்லை என்றே அறிவித்தது. விண்ணப்பத்துக்கு முன்பே கடவுச்சீட்டு, வங்கி அறிக்கை, நிறுவனக் கடிதம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி வரும்படி செய்துகொள்வது நல்லது. முடியாவிட்டால் இரு பெயரும் ஒருவருடையவையே என்று வங்கியிடம் கடிதம் வாங்கி இணைக்கலாம்.

மனைவி மக்களை அழைத்துப் போகத் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் வேண்டும். ஸ்பெயின், போர்ச்சுகல், மொரீசியஸ் போன்ற நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை செல்லும். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. அமீரகம் அதில் சேரவில்லை. அதற்குத் தூதரகச் சான்றொப்பம் தனியாக வாங்க வேண்டும்.

வரியும் பணமும்

விசா கிடைத்தால் வரி இல்லை என்ற பேச்சு தவறு. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் 182 நாளுக்குக் குறையாமல் இங்கே இருந்தவர் இந்தியக் குடியிருப்பாளர், உலகில் எங்கே ஈட்டினாலும் கணக்குக் காட்ட வேண்டும். 60 நாள் இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்தவரும் குடியிருப்பாளரே. வேலைக்காக நாட்டைவிட்டுப் போகும் குடிமகனுக்கு இந்த 60 நாள் 182 ஆகத் தளரும். இந்திய வேலையையே கையோடு எடுத்துப் போகிறவருக்கு அந்தத் தளர்வு உண்டா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுபக்கம் தாய்லாந்து 180 நாளையும் மலேசியா 182 நாளையும் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகின்றன. ஒரே ஆள் ஒரே காலத்தில் இரண்டு நாடுகளுக்கும் குடியிருப்பாளராகிவிடக் கூடும். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இரு நாடுகளோடும் இருக்கிறது. அதன் பலனைப் பெற வரிக் குடியிருப்புச் சான்று தேவை.

இந்தியக் கணக்கில் விழும் சம்பளத்தை அங்கே செலவுக்கு அனுப்பினால் அது ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணமனுப்பும் திட்டத்தில் வரும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு பிடிக்கும். பிறகு வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது.

போலித் தளங்கள்

தேடுபொறியில் விசாவின் பெயரை இட்டால் முதலில் வருபவை விளம்பரம் கொடுத்த முகவர்களின் தளங்கள். அரசுச் சின்னம் போன்ற ஒன்றை வைத்து, இலவசமான மொரீசியஸ் விசாவுக்கும் கட்டணம் கேட்பார்கள். அரசுத் தளத்தின் முகவரியை அந்நாட்டுத் தூதரகப் பக்கத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு. ‘நூறு விழுக்காடு விசா உறுதி’ என்பவரிடமும், நிறுவனக் கடிதத்தைத் தானே தயாரித்துத் தருவதாகச் சொல்பவரிடமும் கடவுச்சீட்டு நகலைக் கொடுக்க வேண்டாம். பொய்க் கடிதம் பிடிபட்டால் மறுப்பு அந்த விண்ணப்பத்தோடு நிற்காது. பின்னால் போடும் ஒவ்வொரு படிவத்திலும் ‘முன்பு விசா மறுக்கப்பட்டதா’ என்ற கட்டம் இருக்கும்.

விசா மறுக்கப்பட்டால் தாய்லாந்துக்குக் கட்டிய கட்டணம் திரும்பி வராது. எனவே நிறுவனத்தின் கையெழுத்திட்ட கடிதம் வராதவரை கட்டணப் பக்கத்தைத் திறக்காதீர்கள். விமானச் சீட்டும் அதற்குப் பிறகுதான்.