தண்டவாளம் போன வழியில் சைக்கிள்



போன வாரம் நான் போட்ட சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வயசுல சைக்கிளா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். எட்டு வயதுப் பேத்தியோடு புக்கிட் தீமா பக்கம் பத்து கிலோமீட்டர் ஓட்டினேன், மூச்சு வாங்கவில்லை. பெருமை என் முழங்காலுக்கு இல்லை, பாதைக்குத்தான். அது பழைய ரயில் பாதை. அதன் கதையை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தாராளமாகத் தூங்கலாம்.

தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். இதை 'ரயில் காரிடார்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் மரங்கள், குருவிச் சத்தம். அடுக்குமாடிகள் நெருக்கியடிக்கும் ஊரில் இப்படி ஒரு பச்சைக் கோடு! ஏற்றம் இறக்கம் ஏன் தெரிவதில்லை என்று பேத்தி கேட்டாள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் சுலபமாக உருளும். மேடு ஏறச் சொன்னால் வழுக்கும். நூறு அடிக்கு ஓர் அடி உயர்ந்தாலே நீராவி எஞ்சினுக்குச் சிரமம். அதனால் மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தில் மண் கொட்டிக் கரை எழுப்புவார்கள். எஞ்சினுக்காகச் செய்த அந்த வேலை இன்று குழந்தைகளின் காலுக்கு உதவுகிறது.

முதல் ரயில் 1903 ஜனவரி 1 அன்று ஓடியது, டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை. ஆம், தைப்பூசக் காவடி போய்ச் சேரும் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறதே, அதே டேங்க் ரோடுதான். ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அங்கிருந்து ஜோகூருக்குப் படகு. 1923இல் கடலுக்குக் குறுக்கே கல் கொட்டிப் போட்ட பாலத்தின் மேல் ரயில் போக ஆரம்பித்தது. 1932இல் நகரத்துக்குள் போன பழைய தடத்தை விட்டுவிட்டு, மேற்கே தள்ளிப் புதுத் தடம் போட்டுத் தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் கட்டினார்கள். அதன் முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு சிலைகள் நிற்கின்றன. செய்தவர் ஓர் இத்தாலியச் சிற்பி.

சிற்பியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மண் சுமந்தவரின் பெயர்? மலாயா ரயில்வேயில் பாதை வேலைக்குப் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்துப் போன தமிழர்கள் கிளார்க்காகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் உட்கார்ந்தார்கள். இவர்கள் கடப்பாரையோடு வெயிலில் நின்றார்கள். ஒரே மொழி பேசியவர்கள்தான், ஆனால் சம்பளமும் குடியிருப்பும் வேறு வேறு.

கூலிக்காரர் விட்டுப்போன தடயத்தைத் தேடினால் கோயில்தான் கிடைக்கிறது. குவீன்ஸ்வே அருகே, தண்டவாளத்தை ஒட்டி, 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் சின்னக் கொட்டகை போட்டு முனீஸ்வரனைக் கும்பிட்டார்கள். புதுத் தடம் வந்த அதே வருடம். இரவிலும் மழையிலும் பாதையில் நடக்கிற கேங்மேனுக்கு எல்லைச்சாமியை விட்டால் வேறு யார் துணை? இன்று அந்த முனீஸ்வரன் காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில் இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா மரண ரயில் வேலைக்குப் போர்க்கைதிகளைச் சிங்கப்பூரிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்து இந்தத் தடத்தில்தான் அனுப்பினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். பேத்திக்கு இதைச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.

சரி, இவ்வளவு விலையுள்ள நிலம் எப்படித் தப்பியது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1918இல் ஆங்கிலேய அரசு இந்த ரயிலை மலாய்க் கூட்டாட்சி மாநிலங்களுக்கு விற்றது. நிலத்துக்கு 999 வருடக் குத்தகை. கூட்டிப் பாருங்கள், 2917 வரை! 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. ஆனால் தண்டவாளமும் அதன் இருபக்க நிலமும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. ஒரு நாட்டின் வயிற்றுக்குள் இன்னொரு நாட்டின் நிலம். 1990இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. அதற்கு என்ன பொருள் என்பதிலேயே இருபது வருடம் தகராறு. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரை விட்டு நகரவில்லை. ஆகவே பயணி முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', அப்புறம் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறினார்'. இந்தக் கூத்து 2011 வரை நடந்தது. ஆனால் யாரும் கட்டடம் கட்ட முடியாத அந்தச் சச்சரவில்தான் மரங்கள் வளர்ந்தன. எந்தச் சுற்றுச்சூழல் சட்டத்தைவிடவும் இந்த வழக்கடி நன்றாகக் காவல் காத்தது என்பது என் கருத்து.

2010இல் இரு பிரதமர்களும் உடன்பட்டார்கள். மலேசியாவுக்கு நகரின் வேறு பகுதிகளில் நிலம் என்று முடிவாயிற்று. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிம் தாமே ஓட்டிச் சென்றார். பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து மலேசியாவுக்கே அனுப்பினார்கள். உண்மையான ஆபத்து அப்போதுதான் வந்தது: சச்சரவு தீர்ந்ததும் காவலும் போய்விட்டதே! துண்டு போட்டு விற்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ரயில் நிற்பதற்கு முன்பே, 2010 அக்டோபரில், இயற்கைச் சங்கத்தார் முழுத் தடத்தையும் அறுபடாத பசுமைப் பாதையாக விடும்படி அரசுக்குத் திட்டம் கொடுத்திருந்தார்கள். மக்களும் சேர்ந்து கேட்டார்கள், அரசும் இணங்கியது. அறுபடாத என்பதுதான் முக்கியம். நடுவில் ஒரு கிலோமீட்டர் போனாலும் மிச்சம் வெறும் பூங்காக்கள்தான்.

போகிறவர்கள் புக்கிட் தீமா பழைய நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். 2022இல் சீர்செய்து திறந்திருக்கிறார்கள். ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிர் ரயில்கள் இங்கேதான் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. வளையத்தில் கோத்த சாவி ஓட்டுநர் கைக்கு வந்தால்தான் அடுத்த பகுதிக்குள் ரயில் போகலாம். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே சாவிதான் வெளியே வரும். ஆகவே மோதலுக்கு வழியே இல்லை. நம்மூர் மீட்டர் கேஜ் காலத்தில் ஓடும் எஞ்சினுக்கு வளையம் நீட்டியதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். இதுவும் அதே மீட்டர் கேஜ்தான். பக்கத்திலேயே சாலைக்கு மேல் இரும்புப் பாலம். சிறுவர்கள் இருந்தால் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள், கூட்டம் இருக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள். மழை வந்தால் ஒதுங்க இடம் குறைவு.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தா, பூட்டன் யாராவது மலாயா ரயில்வேயில் கேங் வேலையோ கிளார்க் வேலையோ பார்த்திருந்தால் பெயர், ஊர், தெரிந்தால் வருடம் இவற்றைக் கீழே எழுதுங்கள். பழைய கடிதமோ சம்பளச் சீட்டோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை நான்கு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.