நோய் இல்லை, ஆனாலும் அன்ஃபிட்

கொஞ்சம் நீளமான த்ரெட். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மனசைச் சோதிக்கிற வழக்கம் எப்படி வந்தது, அதில் நிராகரிக்கப்பட்டவர்கள் எதிர்த்துப் போராடினால் என்ன ஆனது என்பதைப் பற்றி. கதை முழுக்க அமெரிக்காவில் நடக்குது. ஆனா முதல்ல ஒரு நிமிஷம் நம்ம ஊர்.

அரசு மருத்துவமனையில் இருக்கிற எங்களுக்கு ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் எழுதுறது வழக்கமான வேலை. நிறப்பார்வைக்கு இஷிஹாரா புத்தகம்னு ஒண்ணு இருக்கு, கலர் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். நமக்கு 74னு தெரியிற பக்கம், சிவப்பு-பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாதவருக்கு 21னு தெரியும். அன்ஃபிட்னு எழுதினா பையன் முகம் சுருங்கிடும், கூட வந்த அப்பா சண்டைக்கு வருவார். ஆனா அவர் மேல்முறையீடு செய்யலாம். மத்திய ஆயுதப்படைத் தேர்வுகளில் இதற்கென மறு மருத்துவப் பரிசோதனையே உண்டு. அங்கே வேறொரு டாக்டர் அதே புத்தகத்தை விரிப்பார். நான் தப்பா எழுதியிருந்தா அங்கே தெரிஞ்சிடும்.

மனசுக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

(நம்ம காவலர் எழுத்துத் தேர்வுலயும் 'உளவியல்'னு ஒரு பகுதி இருக்கேன்னு சிலர் கேட்பீங்க. அது பெரும்பாலும் தர்க்கம், எண் கணக்கு. நான் சொல்ல வர்றது வேற.)

1916. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், இன்றைக்கு நாம் ஐ.க்யூ. என்று சொல்கிற தேர்வின் அமெரிக்க வடிவத்தை அப்போதுதான் வெளியிட்டிருந்தார். பக்கத்து ஊரான சான் ஹோசேயில் போலீஸ், தீயணைப்பு வேலைக்கு வந்த 30 பேரை உட்கார வைத்து அதைக் கொடுத்தார். பெரும்பாலானோர் சராசரிக்குக் கீழே. 80க்குக் கீழே இருப்பவர்களை எடுக்காதீர்கள் என்று பரிந்துரைத்தார். போலீஸ் வேலைக்குள் உளவியல் தேர்வு நுழைந்தது இப்படித்தான். கீழே ஒரு கோடு, அதுக்கு மேல இருந்தா சரி. இந்தக் கோட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவேன்.

அடுத்த கட்டம் ஒரு ஆஸ்பத்திரியில். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்தவே என்ற உளவியலாளரும் மெக்கின்லி என்ற நரம்பு-மனநல மருத்துவரும் சேர்ந்து 1940களின் தொடக்கத்தில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். எம்.எம்.பி.ஐ. என்று பெயர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று பதில். எதற்காகச் செய்தார்கள்? வார்டில் இருக்கும் நோயாளிக்கு மனச்சோர்வா, மனச்சிதைவா என்று கண்டுபிடிக்க உதவியாக. 'நார்மல்' ஆட்கள் என்று ஒப்பிட்டது யாரை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், 724 பேர்! நம்ம ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தூக்கோட காத்திருக்கிற சொந்தக்காரங்களை நினைச்சுப் பாருங்க. அவங்கதான் அளவுகோல். 1989ல் புதிய பதிப்பு வரும்வரை அந்த அளவுகோல் மாறவில்லை.

வார்டில் இருந்த கருவி காவல் நிலையத்துக்கு எப்படிப் போச்சு? 1965ல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம். 1967ல் நியூவார்க், டெட்ராய்ட். பல இடங்களில் தீப்பொறி, கறுப்பின மக்கள் மீது போலீஸ் நடந்துகொண்ட விதம். 1967ல் ஜனாதிபதி ஜான்சன் அமைத்த குற்றத்தடுப்பு ஆணையம், துப்பாக்கி கொடுப்பதற்கு முன் ஆளின் மனநிலையைச் சோதியுங்கள் என்றது. நியாயமான பயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கையில் கிடைத்த கருவி எம்.எம்.பி.ஐ. அது நோயைத் தேடுவதற்காகச் செய்யப்பட்டது. இங்கே கேட்ட கேள்வியோ இவர் இந்த வேலைக்கு ஒத்து வருவாரா என்பது. இரண்டும் ஒன்றல்ல.

அந்த இடைவெளியில் விழுந்தவர் டேலி என்ற நியூயார்க் விண்ணப்பதாரர். நகர போலீசில் சேர முயன்றார். உளவியல் மதிப்பீட்டில் மூன்று விஷயம் எழுதினார்கள்: சரியாக முடிவெடுக்கும் திறன் குறைவு, பொறுப்பில்லாத நடத்தை, உந்துதலைக் கட்டுப்படுத்தும் திறன் குறைவு. எனவே தகுதியில்லை. எந்த மனநோயின் பெயரையும் எழுதவில்லை. டேலி வழக்குப் போட்டார். 1973ம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டப்படி, உடல் அல்லது மனக் குறைபாடு இருப்பவரை மட்டுமல்ல, குறைபாடு இருப்பதாகக் கருதி ஒருவரை ஒதுக்குவதும் தவறு. என்னை அப்படிக் கருதித்தானே ஒதுக்கினீர்கள் என்பது அவர் வாதம்.

1989ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எழுதப்பட்ட மூன்றும் குணங்கள், நோய் அல்ல. யாரும் உங்களை நோயாளி என்று கருதவில்லை. எனவே இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது.

இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். "உங்களுக்கு நோய் ஒண்ணும் இல்லை"ங்கிறது ஓ.பி.யில் நான் சொல்லக்கூடிய நல்ல செய்தி. டேலி தோத்ததே அந்த வாக்கியத்தால்தான். நோய் இருந்திருந்தால் சட்டம் கூட நின்றிருக்கலாம். நோய் இல்லாததால் வேலையும் இல்லை, கேட்க வழியும் இல்லை.

அடுத்த வருஷமே, 1990ல், மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. நோயைக் கண்டறியும் வகையான தேர்வை, நிபந்தனையோடு வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் வைக்க வேண்டும் என்று ஆனது. அதாவது ஓட்டம், எழுத்து, பின்னணி விசாரணை எல்லாம் முடிந்து, வீட்டில் ஸ்வீட் கொடுத்த பிறகு வரும் கடைசி வாசல் இது. அடி பலமா விழுறதும் அதனாலதான்.

இதுல ஒரு பொறி இருக்கு. எம்.எம்.பி.ஐ.க்குள் பொய்யைப் பிடிக்கவே ஒரு அளவுகோல் உண்டு. எல்லா மனுஷனும் ஒத்துக்கொள்ளக்கூடிய சின்னச் சின்னத் தப்புகளைக் கேட்கும். வேலை வேணும்னு வர்றவர் 'எனக்குக் கோபமே வராது, பொய்யே சொன்னதில்லை' என்கிற தொனியில் பதில் போட்டால் அந்த மதிப்பெண் ஏறும், மதிப்பிடுபவர் சந்தேகப்படுவார். இன்டர்வியூக்கு நல்ல சட்டை போட்டுட்டு வந்ததுக்கே மார்க் குறையிற மாதிரி.

இன்னொன்று, கணக்கு. புள்ளிவிவரம் அல்ல, புரிவதற்காக நான் போடுவது. 1000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், உண்மையிலேயே ஆபத்தானவர்கள் 50 பேர். தேர்வு அவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், நல்லவர்களில் 10 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும் என்று வைப்போம். நல்ல தேர்வுதான். பிடிபட்டவர்கள் 40 கூட்டல் 95, மொத்தம் 135. அதில் 95 பேர் தப்பே இல்லாதவர்கள். ரத்தப் பரிசோதனைன்னா பாசிட்டிவ் வந்தவரைத் திரும்ப வரச்சொல்லி இன்னொரு டெஸ்ட் எடுப்போம். இங்கே அந்த 95 பேரும் போலீசாகவே ஆகமாட்டார்கள். நல்ல போலீசாக இருந்திருப்பார்களா என்று யாருக்கும் தெரியவராது. தேர்வு தன் தப்பைத் தானே பார்க்க வழியில்லை.

அதனால்தான் மேல்முறையீடு முக்கியம். அந்த இரண்டாவது டெஸ்ட் அதுதான். நியூஜெர்சியில் விண்ணப்பதாரர் தன் சொந்தச் செலவில் இன்னொரு உளவியலாளரிடம் அறிக்கை வாங்கி மாநிலக் குடிமைப்பணி ஆணையத்திடம் போகலாம். உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் உள்ள குழு ஒன்று இரண்டு அறிக்கைகளையும் வைத்துப் பார்க்கும், அவரையும் நேரில் பேசச் சொல்லும். தேவைப்பட்டால் மூன்றாவதாக ஒரு நடுநிலை மதிப்பீடும் உண்டு. கலிஃபோர்னியாவிலும் இரண்டாவது கருத்துக்கு இடம் இருக்கு. நிராகரித்த அறிக்கையில் பழைய டிராஃபிக் அபராதம், வேலை மாறியது, பள்ளிக்கூடச் சண்டை எல்லாம் குணத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கும். 'நான் நல்லவன்' என்பது அங்கே பதிலாகாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எத்தனை வருஷம் என்ன செய்தார் என்பதைக் காகிதத்தில் காட்டணும். பணம் இருக்கிறவருக்கு இது ஒரு வாய்ப்பு. இல்லாதவருக்கு முதல் அறிக்கையே தீர்ப்பு.

இப்போ சான் ஹோசே கோட்டுக்கு வரேன்.

1996ல் கனெக்டிகட் மாநிலம் நியூ லண்டனில் போலீஸ் வேலைக்கு ராபர்ட் ஜோர்டன் என்பவர் விண்ணப்பித்தார். நாற்பதுகளில் இருந்த பட்டதாரி. தேர்வின் பெயர் வொண்டர்லிக்: 12 நிமிஷம், 50 கேள்வி. இது குணத்தைப் பார்க்கும் தேர்வல்ல, அறிவுத்திறன் தேர்வு. ஜோர்டன் எடுத்தது 33. இன்டர்வியூவுக்கு அழைப்பே வரவில்லை. வயசைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துப் புகார் கொடுத்தார். நகர நிர்வாகம் சொன்ன பதில் வேறு: 20 முதல் 27 வரை எடுத்தவர்களைத்தான் கூப்பிடுகிறோம், நீங்கள் 33. ரொம்ப அறிவாளிகள் போலீஸ் வேலையில் அலுத்துப்போய், பயிற்சிக்குச் செலவு செய்த பிறகு விட்டுட்டுப் போயிடுவாங்களாம்.

டெர்மன் கீழே போட்ட கோட்டுக்கு, 80 வருஷம் கழிச்சு மேலேயும் ஒரு கோடு!

ஜோர்டன் நீதிமன்றம் போனார். 1999ல் தோற்றார், 2000ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் உண்மையிலேயே அதிகமாக வேலையை விடுகிறார்கள் என்று நகரம் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நம்ப ஓரளவு காரணம் இருந்தாலே போதும் என்றது நீதிமன்றம். அந்தக் கொள்கை புத்திசாலித்தனமானதாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் பாரபட்சம் அல்ல, ஏனென்றால் அதிக மதிப்பெண் எடுத்த எல்லோரையும் ஒரே மாதிரிதான் நிராகரித்திருக்கிறார்கள்.

ஜோர்டன் சிறைக்காவலர் வேலையில் சேர்ந்தார்.